திகதி பிழை

பொத்தானை அமத்தினால் நீலப் பொட்டொண்டு எரியுது,
காத்தாடி மூச்செடுக்குது,
மறுகா கறுப்பு.
கறுப்புக்குள்ள என்ட முகம்,
மூக்குக்கண்ணாடி சரிஞ்சபடி.

விடியப் பத்து மணிக்கு முதல்
பசளைப் பட்டியல் அம்பாறைக்குப் போகோணும்.
ஏழு வட்டை, நானூற்றுப் பதினேழு பேர்.
பிரதி எடுத்து வைச்சியா எண்டு கேக்காதீங்க.
பிரதி எடுக்கிற பென்டிரைவ்
மகள்ட பாட்டுகளோட கொழும்புக்குப் போய்ட்டு.

நுஸ்கி சாய்ந்தமருதில, மச்சான்ட வலீமாவில.
சஹனில வைச்ச கையைக் கழுவாமல்
இடக்கையால போனைப் பிடிச்சு வெளிய வாறான்.
"கூவுதா மிஸ்? எத்தின தரம்?"
கூவயில்ல.
"அப்ப வயரை இழுங்க, பட்டரியக் கழட்டுங்க.
பொத்தானை அமத்திப் பிடிச்சு அறுபது எண்ணுங்க.
நான் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாறன்."

எண்ணினன்.
நாப்பத்தியொண்டில கறண்ட் ஒருக்கா துடிச்சு நிண்டுது.
பாண்டிருப்புக் கடலுக்கு இண்டைக்கு என்ன கோபமோ,
ஜன்னல் கம்பியெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு.
அறுபது.
நீலப் பொட்டு. மூச்சு. கறுப்பு.

"அடியைத் திறக்கோணும்."
தையல் மெசின் லாச்சிக்குள்ள கிடந்த ஸ்க்ரூட்ரைவர்
பதினொரு ஆணிக்குச் சரிவந்துது.
பன்னிரண்டாவது தலை தேய்ஞ்சது.
கத்தி முனையால நெம்பேக்க நான் பேசின பேச்சு
நுஸ்கிக்குக் கேட்டிருக்கும்.
ஒண்டும் சொல்லயில்ல.

உள்ளுக்க ஒரு குடியிருப்பு.
காத்தாடி மூலையில சிற்றெறும்புகள்
வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுதுகள்.
சூட்டுக்கு வந்ததுகளாம்,
உறுதியில்லாத காணியில குடியேறின மாதிரி.
ஊதினன். பிரஷால தட்டினன்.
"பச்சைத் தகடு ஒண்டு இரிக்கும், ரெண்டு பக்கமும் கொளுக்கி.
கழட்டி அதுட மஞ்சள் பல்லை றப்பரால தேய்ங்க,
பிள்ளைகள்ட பள்ளிக்கூட றப்பர்."
தேய்ச்சன்.
கறுப்புத் தூள் மேசையில சுருண்டு சுருண்டு விழுந்துது.
"மறுகா செருகுங்க. டிக் எண்டு கேக்கும்."
கேட்டுது.

நீலப் பொட்டு.
மூச்சு.
வெள்ளை எழுத்து!
நேரமும் திகதியும் பிழையாம், திருத்தட்டாம்.
2012, தை முதலாம் திகதி, நடுச்சாமம்.

"உள்ளுக்க ஒரு பொத்தான் பட்டரி இரிக்கி மிஸ்,
அது மௌத்தாப் போய்ட்டு. பயமில்ல.
நாள் மட்டும்தான் மறக்கும்.
மத்ததெல்லாம் அப்படியே இரிக்கும்."

அந்தத் தையில நான் இந்தக் கந்தோருக்கு வரயில்ல.
கந்தப்போடியர் முழங்கால் சேத்தோட
எனக்கு முந்தி இருந்தவரை ஏசிக்கொண்டு நிப்பார்.
ரெண்டு மூட்டை குறையுதெண்டு
மீராலெவ்வைக் காக்கா மூண்டாம் மனு எழுதுவார்.
வள்ளிநாயகி தன்ட பேரிலயும் காணி இருக்கெண்டு காட்ட
பொலித்தீன் பைக்குள்ள உறுதியோட
காலமையே வந்து குந்தியிருப்பா.
இருபத்திமூண்டு பேர்.
இண்டு ராவைக்கு நான் பட்டியலால எடுக்க வேண்டிய ஆக்கள்.
இந்த மெசினுக்கு இப்ப
ஒருத்தரும் சாகயில்ல.

கோடு மின்னி மின்னிக் காத்துக்கொண்டிருந்துது.
விட்டன், ஒரு தேத்தண்ணி ஆறுற நேரம்.

"மிஸ்? லைன்ல இரிக்கிறீங்களா?"
"ஓம்."
ஆண்டை ஒவ்வொண்டாத்தான் ஏத்தலாம்.
ஒரு அமத்தலுக்கு ஒரு வருஷம்.
முதல் மூண்டு நாலு மெதுவா,
பிறகு எண்ணாமல்.

வயல் படம் வந்துது. பட்டியல் திறந்துது.
"நிப்பாட்டிப் போடாதீங்க," எண்டான்,
"நிப்பாட்டினா திரும்பவும் பன்னிரண்டுதான்.
நாளைக்குப் பட்டரி போடுவம், முந்நூறு ரூபா."
பின்னால ஆரோ அவனை வட்டிலப்பத்துக்குக் கூப்பிட்டாங்க.

அடிமூடி இன்னும் பூட்டயில்ல.
மேசை விளிம்பில எறும்புகள்
முட்டையை இறக்கி வைச்சிட்டு நிக்குதுகள்.
நான் பத்தொன்பதாவது வரியில.